தன்மையணிக்கு இங்கிலீஷில் என்ன பேர்?

காலை ஏழரை மணிக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போகிற கம்பெனி வேனில், டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். மடியில் நாற்பது பக்க நோட்டு விரிந்திருக்கும். கண் நோட்டில் இருக்காது, ரோட்டில் இருக்கும். உதடு மட்டும் அசைந்துகொண்டே வரும். ஏதோ வேண்டுதல், மந்திரம் சொல்கிறாள் என்று வேனில் பாதிப் பேர் ஒரு மாதம் வரை நினைத்தார்கள். அவள் சொல்லிக்கொண்டு போனது இதுதான்: "லைக், ஆஸ் வந்தா சிமிலி. வரலைன்னா மெட்டபர். காத்து, மரம், நிலா இதெல்லாம் மனுசன் மாதிரி பேசுனா பெர்சானிபிகேஷன். அளவுக்கு மீறிச் சொன்னா ஹைபர்பொலி."

சொன்னவள் சோலையம்மாள். வயது முப்பத்தெட்டு. பட்டாசுக் கம்பெனியில், பூச்சட்டி என்கிற புஸ்வாணம் செய்யும் ரூமில் மருந்து செலுத்துகிற வேலை. வேன் ஓட்டுகிறவன் அவள் புருஷன் மாரிக்கண்ணன். கண்ணாடியில் அவளைப் பார்ப்பான், சிரிப்பை மீசைக்குள்ளேயே மடித்து வைத்துக்கொள்வான். வாய்விட்டுச் சிரித்தால் அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் உப்பு இருக்காது என்று அவனுக்குத் தெரியும்.

முப்பத்தெட்டு வயதில் ஒருத்தி எதற்காக உவமை, உருவகம் என்று இங்கிலீஷ்காரன் செய்து வைத்ததையெல்லாம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? ஊரில் எல்லோரும் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் பதில் சொல்லவில்லை. நாம் சொல்லிவிடலாம்.

சோலையம்மாள் எட்டாவதோடு நின்றவள். அப்புறம் வீட்டிலிருந்தே தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டினாள். பதினெட்டு முடிந்ததும் அக்கா பொன்னுத்தங்கம் கைப்பிடித்துப் பட்டாசுக் கம்பெனிக்குக் கூட்டிப் போனாள். இருவரும் பத்து வருஷம் ஒரே ரூமில் வேலை செய்தார்கள். அப்புறம் பொன்னுத்தங்கம், வீட்டுக்குப் பக்கம் என்று இரண்டு மைல் தள்ளி இருந்த வேறொரு கம்பெனிக்கு மாறிக்கொண்டாள். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு நாற்பது நாள் இருக்கும்போது, அது போய்விட்டது. பொன்னுத்தங்கமும் அதோடு போய்விட்டாள்.

நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் அன்றைக்கு எட்டுப் பேர் இருந்தார்கள். சீசன் நேரம், ஆர்டர் நெருக்கியது. போர்மேன் லோடு ஏற்றும் இடத்தில் நின்றார். எட்டாவது ஆளாகப் போய் உட்கார்ந்தவள் பொன்னுத்தங்கம். "ஏத்தா, இங்கன நாலு பேர்தான், நீ வெளிய போ" என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் போர்மேன்தான். மற்றவர்கள் சொன்னால் அது பேச்சு, போர்மேன் சொன்னால் அது உத்தரவு.

சோலையம்மாளுக்கு அந்த இடம் வேண்டும். அவ்வளவுதான். அஞ்சாவது ஆளைப் பார்த்து "வெளிய வா" என்று சொல்கிற வாய் தனக்கு வேண்டும்.

முதலாளி வெள்ளைத்துரையிடம் போய்க் கேட்டாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. யோசித்தார், தாடையைத் தடவினார். "போர்மேன் டிரெயினிங்குக்கு அனுப்புறேம்மா. ஆனா பத்தாவது பாஸ் சர்ட்டிபிகேட் இல்லாம நான் எப்படி அனுப்ப? பாஸ் பண்ணிட்டு வா. பொம்பளைப் போர்மேன் ஒருத்தி இருந்தா எனக்கும் நல்லதுதான்" என்றார். பாஸ் பண்ண மாட்டாள் என்ற தைரியத்தில் சொன்னாரோ என்னவோ, சொன்னது சொன்னதுதான்.

தனித்தேர்வராக எழுதினாள். தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் நாலும் முதல் தடவையே தேறிவிட்டது. கணக்கில் ஐம்பத்தெட்டு வாங்கி மாரிக்கண்ணனையே வாயடைக்க வைத்தாள். இங்கிலீஷ் மட்டும் இருபத்தொன்பது. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும். இடையில் ஆறு மார்க்.

"இந்த ஆறு மார்க்கும் எங்க இருக்கு தெரியுமாக்கா? ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்ல இருக்கு" என்றார் சரவணக்குமார். அவர்தான் சாத்தூரில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் ஞாயிற்றுக்கிழமை டுடோரியல் நடத்துகிறவர். இருபத்தாறு வயது. தன்னிடம் படிக்க வருகிற எல்லாப் பெண்களையும் அக்கா என்பார். அவர்கள் எல்லோரும் அவரை சார் என்பார்கள். "மத்த எதையும் நீங்க மனப்பாடம் பண்ணிருவீக. இத மட்டும் புரிஞ்சு எழுதணும்."

அந்தப் புரிகிற காரியம்தான் நடக்கவில்லை.

நடக்காததற்கு அவள் மூளையைக் குறை சொல்லாதீர்கள். அவள் வேலை அப்படி. பூச்சட்டி ரூமுக்குள் போகிறவர்கள் வெளியே செருப்பைக் கழற்றி, வாசலில் பதித்த செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் அதில் இறங்கிவிடும். உடம்பு இறங்கினால் போதாது, வாயும் இறங்க வேண்டும் என்பது அங்கே வேலை செய்கிறவர்களின் வழக்கம். யாரும் எழுதி ஒட்டவில்லை, எல்லோருக்கும் தெரியும். ரூமுக்குள் வயிறு எரிகிறது என்று சொல்லக்கூடாது, வயிறு சரியில்லை என்று சொல்ல வேண்டும். மாமியார் மேல் பற்றிக்கொண்டு வந்தாலும் பற்றிக்கொண்டு வந்தது என்று சொல்லக்கூடாது. கோபத்தில் வெடித்தான், கண் நெருப்பாய் இருந்தது, வெயில் கொளுத்துகிறது, எதுவும் கூடாது. ஒரு தடவை புதிதாக வந்த ஒரு பெண், "சீரியல்ல நேத்து பத்திக்கிச்சுல்ல" என்று ஆரம்பித்து, பஞ்சம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பஞ்சம்மாள் அந்த ரூமில் மூத்தவள். சாதாரண நாளிலேயே யாருக்கும் பணிந்து போகிறவள் இல்லை.

இருபது வருஷம் அப்படி வாயை அடக்கியவளுக்கு, சொல் வேறு நடப்பு வேறு என்று எப்படித் தோன்றும்? சொன்னால் அது வந்துவிடும் என்பதுதான் அவள் கற்ற பாடம். சார் கற்றுக்கொடுத்ததோ, இல்லாததைச் சொல்லலாம், சொன்னால் மார்க் உண்டு என்பது.

"காலம் ஒரு திருடன். இது மெட்டபர்" என்றார் சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"எதைத் திருடுச்சு சார்?"

"நம்ம வயசை."

"திருடுனா வயசு குறையணும்ல? கூடத்தான செய்யுது?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சோலையம்மாள் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். சார் தலையைச் சொறிந்துகொண்டார். அவருக்கு இந்த ஊர்க்காரர்களுக்கு ஏற்ற மாதிரி சொல்ல வேண்டும் என்று ஆசை. அடுத்ததாக, "சரி, உங்க வேலையிலயே சொல்றேன். ஹி ஹேஸ் எ ஷார்ட் ஃப்யூஸ். அவனுக்குத் திரி குட்டை. அப்படின்னா சீக்கிரம் கோபம் வந்துரும்னு அர்த்தம்" என்றார்.

சோலையம்மாள் முகம் மாறியது. "குட்டைத் திரியை எவன் சார் பாஸ் பண்ணுனது? எங்க கம்பெனியில அதை அப்பவே ஒதுக்கிருவோம். வச்சவன் ஓடுறதுக்கு நேரம் வேணும்ல?"

அந்த வகுப்பு அதோடு முடிந்தது.

ஆனால் சார் விடுகிறவர் இல்லை. அடுத்த வாரம் அவள் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, சீக்கிரம், சீக்கிரம் என்று மேஜையைத் தட்டினார். "ஏன் சார் உசிரை வாங்குறீக, எடுத்துட்டுத்தான இருக்கேன்" என்றாள். சார் அப்படியே பிடித்துக்கொண்டார்.

"நான் உங்க உசிரை வாங்குனனாக்கா?"

"என்ன சார்?"

"இப்பச் சொன்னீகளே. உசிரை வாங்குறேன்னு. வாங்கியிருந்தா நீங்க எப்படிப் பேசுறீக?"

சோலையம்மாள் நோட்டும் கையுமாக நின்றாள். அப்புறம், "அட ஆமா" என்றாள். அவளே திகைத்துப் போனாள். இத்தனை வருஷமாகத் தானும் இல்லாததைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோமா? அன்றைக்கு முழுக்க வீட்டில் தன் வாயையே காவல் காத்தாள். "தலைக்கு மேல வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டு மேலே பார்த்தாள். மாரிக்கண்ணனைப் பார்த்து, "காது என்ன கடனா வாங்கி வச்சிருக்கீக?" என்று கேட்டுவிட்டு, கேட்ட கையோடு, "ஏங்க, இப்பச் சொன்னது மெட்டபரா, ஹைபர்பொலியா?" என்றாள். மாரிக்கண்ணன், "எதுவா இருந்தாலும் நல்ல வார்த்தை இல்ல" என்றான்.

அதிலிருந்து கொஞ்சம் வழி தெரிந்தது. சிமிலி பிடிபட்டது. பெர்சானிபிகேஷன் ஓரளவு பிடிபட்டது. மதியம் கம்பெனிக் காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டு பஞ்சம்மாளிடம் ஒப்பிப்பாள். இங்கிலீஷ்காரன் வாக்கியங்களில் வாக்கியத்துக்கு வாக்கியம் நெருப்பாக இருந்தது. நெருப்போடு விளையாடுகிறான், நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறான், வீடு பற்றிக்கொண்ட மாதிரி இருவரும் சிநேகமானார்கள். "ஃபயர்" என்று வந்ததும் பஞ்சம்மாள் கையை உயர்த்துவாள். "ஏ சோலை, அது வேணாம். அந்த இடத்துல 'அது'ன்னு சொல்லிக்கோ." சோலையம்மாளும் "அது" என்றே சொல்வாள். வீடு பற்றிக்கொண்ட மாதிரி எவனாவது சிநேகமாவானா என்று இருவருக்கும் கடைசி வரை விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது சார் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். பத்து வரி கொடுத்து, ஒவ்வொன்றும் என்ன அணி என்று எழுதச் சொன்னார். சோலையம்மாள் ஒன்பது சரியாக எழுதியிருந்தாள். ஏழாவது தப்பு. ஏழாவது வரிக்குத் தமிழில் அர்த்தம், வானம் எரிந்தது, கல் மழை பெய்தது என்பது. ஹைபர்பொலி என்று எழுத வேண்டும். சோலையம்மாள் அந்த இடத்தில், இங்கிலீஷ் பேப்பரில், தமிழ் எழுத்தில் "தன்மையணி" என்று எழுதியிருந்தாள்.

சார் பேப்பரைத் தூக்கிக் காட்டினார். "என்னக்கா இது? இங்கிலீஷ் பேப்பர்ல தமிழ் அணியைக் கொண்டுவந்து எழுதியிருக்கீக?"

"தமிழ்ல இருக்குல்ல சார். உள்ளதை உள்ளபடி சொன்னா தன்மையணின்னு. போன தடவை அதை எழுதித்தான் ரெண்டு மார்க் வாங்குனேன். இங்கிலீஷ்ல அதுக்கு என்ன பேர்னு நீங்க சொல்லித் தரல. அதான் தமிழ்லயே எழுதிட்டேன்."

"இது உள்ளதை உள்ளபடி சொன்னது இல்லக்கா. மிகைப்படுத்திச் சொன்னது. உயர்வு நவிற்சி. வானம் எரியுமா? கல்லு மழையாப் பெய்யுமா?"

சோலையம்மாள் அவரையே பார்த்தாள். இவருக்குத் தெரியாதா, இல்லை தெரிந்தே கேட்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. சார் சாத்தூர் பஜாரில் பிறந்து வளர்ந்தவர். சாத்தூரிலிருந்து அக்காவின் கம்பெனி எத்தனை மைல்? சத்தம் கேட்டிருக்குமே. அவள் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பையில் ஒரு பொருளைச் சுமந்துகொண்டு படியேறினாள். மேஜையில் வைத்தாள். கால் செங்கல். ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு. மறு பக்கம் கறுப்பு.

"இதுதான் சார் ஏழாவது கேள்வி."

மற்ற பிள்ளைகள் எழுந்து பார்த்தார்கள். சார் உட்காரச் சொன்னார்.

சோலையம்மாள் சொன்னாள். அழாமல்தான் சொன்னாள். "நான் எங்க ரூம்ல இருந்தேன். சத்தம் கேட்டதும் போர்மேன் மணிக்குத் தொங்குற தண்டவாளத் துண்டை அடிச்சாரு. எல்லாரும் வெளிய வந்து மக்காச்சோளக் காட்டுல நின்னோம். மேல பாத்தா வானம் மஞ்சளா, அப்புறம் செகப்பா. நான் உண்மையத்தான் சொல்றேன் சார், வானம் எரிஞ்சிச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு காட்டுல பொத்து பொத்துன்னு விழுந்துச்சு. ஆலங்கட்டின்னு ஒரு புள்ள சொன்னா. என் காலுகிட்ட விழுந்ததை எடுத்தேன், சுட்டுச்சு. சுண்ணாம்பைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அக்கா அந்தக் கம்பெனிக்குச் சேந்த புதுசுல அவ ரூம் வாசல்ல நின்னு புதுச் சுண்ணாம்பு அடிச்ச சுவத்தை எனக்குக் காட்டியிருக்கா. அந்தச் சுவத்துல இருந்துதான் இது வந்திருக்கு. ரெண்டு மைல், சார். இப்ப எங்க வீட்டுத் தண்ணி டிரம்மு மூடி பறக்காம இருக்க இதைத்தான் வச்சிருக்கேன். இதைப் போய் மிகைன்னு எழுதச் சொல்றீக. எதைக் குறைச்சுச் சொன்னா சரியா இருக்கும் சார்?"

சரவணக்குமார் கல்லைத் தொடவில்லை. அந்த நாள் சத்தம் அவருக்கும் நினைவிருந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார், கடை ஷட்டர் அதிர்ந்தது, யாரோ லாரி டயர் வெடித்தது என்றார்கள். அந்தச் சத்தத்தையும் இந்த வரியையும் அவர் ஒரு நாளும் சேர்த்து நினைத்ததில்லை.

"அக்கா, திருத்துறவங்க எங்கயோ இருப்பாக" என்றார் கடைசியில். "அவுகளுக்கு இதெல்லாம் தெரியாது. ஹைபர்பொலின்னு எழுதுனாத்தான் மார்க்கு. எனக்காக இல்ல, உங்க போர்மேன் வேலைக்காக எழுதுங்க."

"எழுதுறேன் சார். ஆனா எழுதுனா அன்னைக்கு நடந்ததை நானே பொய்னு சொன்ன மாதிரி ஆகாதா?"

"ஆகாதுக்கா."

"எப்படி ஆகாது?"

அவர் விளக்கினார். பரீட்சை வேறு, வாழ்க்கை வேறு என்றார். அணி என்பது வாக்கியத்துக்கு, நடந்ததற்கு இல்லை என்றார். நல்ல மனிதர், பாவம், மூச்சு வாங்க விளக்கினார். சோலையம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றும் விளங்கவில்லை. கல்லை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "தன்மையணிக்கு இங்கிலீஷ்ல என்ன பேர்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சார் போனில் தேடினார், காலேஜ் வாத்தியார் ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டார். அவரும் யோசித்துவிட்டு, சும்மா சொல்வதற்கு இங்கிலீஷில் எதற்குப் பேர் என்று சிரித்தாராம்.

பரீட்சை வந்தது. சாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்டர். தனித்தேர்வர்கள் எல்லோரும் ஒரே ஹாலில். சோலையம்மாளின் பெஞ்சுக்கு முன்னால் மீசை முளைக்காத பையன், பின்னால் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த ஒருத்தி. கொஸ்டின் பேப்பர் வந்ததும் அவள் முதலில் தேடியது ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்சைத்தான். வானம் எரியவில்லை, கல் மழை பெய்யவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். சிங்கம் மாதிரி வீரன், சிமிலி. காற்று பாடியது, பெர்சானிபிகேஷன். எழுதிக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு கேள்வி. ஹைபர்பொலிக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுக.

இதற்கு அவளிடம் விடை இருந்தது. சார் கொடுத்த வாக்கியம், எல்லோரும் மனப்பாடம் செய்தது. எனக்கிருக்கும் பசியில் யானையையே தின்பேன் என்று அர்த்தம். எழுதியிருந்தால் இரண்டு மார்க்கும் கைக்கு வந்திருக்கும். ஆனால் கேள்வியில் சொந்தமாக என்று இருந்தது. யானை சாருடையது. சொந்தமாக என்று கேட்டால் சொந்தமாகத்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிற ஜென்மம் அவள். இப்படி ஒரு ஆளைத்தான் போர்மேனாகப் போட வேண்டும் என்று வெள்ளைத்துரைக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் பரீட்சையே வேண்டாம் என்றிருப்பார்.

நடக்காத ஒன்றைப் பெரிதாகச் சொல்ல வேண்டும். யோசித்தாள். இடி தரையில் இறங்கியது? நடந்திருக்கிறது. பூமி ஆடியது? ஆடியது. பகல் இருட்டானது? புகையில் ஆனது. ஒரு சுவர் ஊர் தாண்டிப் பறந்தது? அதுதான் டிரம்மின் மேல் இருக்கிறதே. எதைப் பெரிதாக நினைத்தாலும் அது ஏற்கெனவே வந்து போயிருந்தது. அவளுக்குத் தெரிந்த பெரிய காரியம் எல்லாமே உள்ளதாக இருந்தது. இல்லாதது ஒன்று வேண்டும், நம்பவே முடியாதது ஒன்று. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவளுக்கு அது கிடைத்தது. சின்ன வாக்கியம், தெரிந்த வார்த்தைகள். ஸ்பெல்லிங் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

"இன் அவர் பிளேஸ் எவ்ரிபடி கம்ஸ் ஹோம் இன் தி ஈவினிங்."

எங்கள் பக்கம் எல்லோரும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

எழுதி முடித்து, அடியில் கோடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போய் சாரிடம் சொன்னாள். யானையை எழுதவில்லை என்றதும் சாருக்கு முதலில் கோபம் வந்தது. என்ன எழுதினாள் என்று கேட்டார். சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் போய்க் கீழே பஜாரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மார்க் போடுவாகளா சார்?"

"தெரியலக்கா. திருத்துறவருக்கு இது சாதாரண வாக்கியமாத்தான் தெரியும். எல்லாரும் சாயங்காலம் வீட்டுக்கு வாராங்க, இதுல என்ன மிகை இருக்குன்னு அடிச்சிருவாரு."

சோலையம்மாள் இதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் உருட்டினாள். நெற்றி சுருங்கியது. ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச் வகுப்பில் அவள் குழம்பிய குழப்பமெல்லாம் ஒன்றுமில்லை, இதுதான் அவளை நிஜமாகக் குழப்பியது.

"அப்ப, அவுக ஊர்ல எல்லாரும் தெனமும் வீட்டுக்கு வந்துருவாகளா சார்?"



முடிவு வந்தது. இங்கிலீஷில் முப்பத்தேழு. அந்த வாக்கியத்துக்கு மார்க் போட்டார்களா, அடித்தார்களா என்று இன்று வரை தெரியாது. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம் என்று சார் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள். பார்த்து, அதற்கு மேலும் குழம்பத் தெம்பில்லை.

வெள்ளைத்துரை சொன்ன சொல் மாறவில்லை. டிரெயினிங் போய் வந்தாள். ஆவணி பிறக்கும்போது சோலையம்மாள் அந்தக் கம்பெனியில் போர்மேன். காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு வந்த முதல் நாள், பஞ்சம்மாள் செம்புத் தகட்டைத் தொட்ட கையோடு அவள் கன்னத்தையும் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

சீசன் நெருங்கியது. ஒரு நாள் மத்தியானம் லோடு ஏற்ற லாரி நின்றுகொண்டிருந்தது. பூச்சட்டி ரூமுக்குள் எட்டிப் பார்த்தாள். அஞ்சு பேர். அஞ்சாவதாகக் கதவோரம் ஒட்டி உட்கார்ந்திருந்தவள் முருகம்மாள் என்கிற சின்னப் பெண், தேனியிலிருந்து கல்யாணமாகி வந்தவள்.

"முருகம்மா, வெளிய வா."

"அக்கா, முதலாளிதான்... லாரி நிக்குதுன்னு..."

"வெளிய வா. நாலு பேர்தான்."

வெள்ளைத்துரை ஆபீஸிலிருந்து வந்தார். "சோலையம்மா, ஆர்டர் இன்னைக்குப் போயாகணும். அரை மணி நேரம்தான" என்றார். முருகம்மாள் எழுந்து வெளியே வந்து செருப்பைப் போடும் வரை சோலையம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலாளி லாரி டிரைவரிடம் போய், "ஏலே, நாளைக்கு வாலே" என்று எரிந்து விழுந்தார். எரிந்து விழுந்தார் என்று நான்தான் சொல்கிறேன். ரூமுக்குள் இருந்த நாலு பேரும் முதலாளி சத்தம் போட்டார் என்றுதான் பிறகு சொன்னார்கள்.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. கேட்டில் நின்று ஒவ்வொருவராக எண்ணி ஏற்றுவது இப்போது அவள் வேலை. மற்ற போர்மேன்கள் தலையை எண்ணுவார்கள். இவள் பேர் சொல்லி எண்ணினாள். இருபத்து நாலு பேர். கடைசியாக முருகம்மாள் ஏறினாள். சோலையம்மாள் ரிஜிஸ்தரை மூடி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். உதடு அசைந்தது.

மாரிக்கண்ணன் கண்ணாடியில் பார்த்தான். "பரீட்சை முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு, இன்னும் என்ன இங்கிலீஷ்ல முணுமுணுக்குற?"

"எல்லாரும் சாயங்காலம் வீட்டுக்குப் போறாகன்னு சொன்னேன்."

"இதுல என்ன இருக்கு?"

சோலையம்மாள் திரும்பி வேனுக்குள் ஒரு தடவை பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. உள்ளதைத்தான் சொன்னேன். வண்டிய எடுங்க."